கடலின் அடியில் காது வைத்தவர்



சென்ற மாதம் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுவன் என்னிடம் வந்தான். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஞாயிறு காலையில் கடல் பொங்கி வந்ததைப் பற்றி அவனுடைய பாட்டி அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குக் காரணமான பூகம்பம் சுமத்திரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் நேர்ந்தது என்று பள்ளியிலும் படித்திருக்கிறான். தண்ணீருக்கு அடியில் பூமி அசைவதை மனிதன் எப்படி அறிகிறான், அங்கே போய் யார் பார்த்தார்கள் என்பது அவன் கேள்வி. எனக்குத் தெரிந்ததை நாலு வார்த்தையில் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நாலு வார்த்தை போதாது. அங்கே கருவியை இறக்கிப் பார்க்கத் துணிந்த ஒரு மனிதருடைய வாழ்க்கையே அதற்குத் தக்க பதில். அவர் பெயர் மாரிஸ் யூயிங். காலஞ்சென்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பூமியை ஆராய்பவர்கள் உலகெங்கும் அவர் பெயரை அறிவார்கள். நம் வீடுகளிலும் அது தெரிந்திருப்பது நல்லது.

வில்லியம் மாரிஸ் யூயிங் 1906-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்திலுள்ள லாக்னி என்னும் சிற்றூரில் பிறந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வறண்ட சமவெளி. கடலோ பல நூறு மைலுக்கு அப்பால். பெற்றோருக்குப் பிள்ளைகள் பத்துப் பேர். முதல் மூவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட, நான்காவதாகப் பிறந்த மாரிஸ் எஞ்சிய எழுவருக்கும் மூத்தவராக வளர்ந்தார். வசதி படைத்த குடும்பமன்று. ஆயினும் பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. பதினாறாம் வயதில் உபகாரச் சம்பளம் பெற்று, ஹூஸ்டன் நகரிலிருந்த ரைஸ் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். கணிதமும் பௌதிகமும் பயின்று 1926-ல் பட்டம் பெற்றார். 1931-ல் அங்கேயே டாக்டர் பட்டமும் பெற்றார்.

படிக்கும் காலத்தில், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் குழுவினருடன் விடுமுறை நாட்களில் வேலை செய்தார். அவர்கள் கையாண்ட முறை எளியது. நம் வீட்டுப் பெண்கள் குடத்தைத் தட்டிப் பார்த்தே நிறைகுடமா, குறைகுடமா என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதுபோல, ஓரிடத்தில் சிறு வெடி வைத்துப் பூமியைத் தட்டுவார்கள். அந்த அதிர்வு மண்ணுக்குள்ளும் பாறைக்குள்ளும் ஓடித் தூரத்திலுள்ள கருவியை வந்து சேரும். இளகிய மண்ணில் அதிர்வு மெதுவாகச் செல்லும்; கெட்டிப் பாறையில் விரைந்து செல்லும். எத்தனை வினாடியில் வந்தது என்று அளந்தால், கீழே என்ன இருக்கிறது, எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

அந்த அதிர்வைப் பிடிக்கும் கருவிக்குப் பூகம்பமானி என்று பெயர். அதன் தத்துவம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் அனைவருக்கும் தெரியும். பஸ் திடீரென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்கிறோம். வண்டி நகர்ந்துவிட்டது, நம் உடம்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பூகம்பமானியில் ஒரு கனமான குண்டு வில்லில் தொங்குகிறது. தரை அசையும்போது பெட்டியும் கூடவே அசையும்; குண்டோ சற்றுப் பின்தங்கும். இவ்விரண்டுக்கும் இடையே உண்டாகும் வித்தியாசத்தைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக மாற்ற, அது காகிதத்தில் கோடாக விழும். இவ்வளவுதான் கருவி.

யூயிங் 1929-ல் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையிலும், அடுத்த ஆண்டு முதல் பென்ஸில்வேனியா மாநிலத்திலுள்ள லீஹை சர்வகலாசாலையிலும் பௌதிகம் கற்பித்தார். வகுப்பு நேரம் போக எஞ்சிய நேரத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, பக்கத்துக் கல்குவாரிகளில் வெடிக்கும் வெடிகளைத் தாமே செய்த கருவிகளால் அளந்து வந்தார். ஆராய்ச்சிக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட பணம் என்று அநேகமாக எதுவுமில்லை.

1934-ம் ஆண்டின் இறுதியில் இரு பெரியவர்கள் அவரைத் தேடி வந்தனர். ஒருவர் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபீல்ட். மற்றவர் அமெரிக்கக் கரையோர நில அளவை இலாகாவின் வில்லியம் பௌவி. அவர்களை ஒரு கேள்வி வாட்டி வந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரை கடல் ஆழமில்லாமல் இருந்து, பிறகு சடாரென்று ஆழ்கடலாக இறங்கிவிடுகிறது. அந்த விளிம்பு பழம்பாறையா, அல்லது ஆறுகள் கொண்டுவந்து குவித்த மண்ணா? கண்டம் முடியும் இடம் எது? நிலத்தில் வெடி வைத்து அளப்பதுபோல் கடலுக்கடியில் அளக்க முடியுமா என்று அந்த இருபத்தெட்டு வயது இளைஞரைக் கேட்டனர். அவர் உடனே சம்மதித்தார். ஆராய்ச்சி செய்ய ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று தாம் அப்போது ஏங்கிக் கிடந்ததாகவும், கடலடிக்குப் பதிலாகச் சந்திரனில் கருவி வைக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார் என்றும் பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அமெரிக்கப் புவியியற் சங்கம் 2,000 டாலர் கொடுத்தது. 1935-ல் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தின் அட்லாண்டிஸ் என்னும் பாய்க்கப்பலில் யூயிங் புறப்பட்டார். வர்ஜீனியா கரைக்கு அப்பால், ஆழங்குறைந்த கடலின் தரையில் கருவிகளை இறக்கி, தூரத்தில் வெடிகளை வெடித்து அளந்தார். அங்கே பழம்பாறை கரையிலிருந்து சரிந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. விளிம்பை நெருங்கும்போது அதன்மேல் சுமார் 12,000 அடி கனத்துக்கு மண்ணும் வண்டலும் படிந்திருந்தன. அத்தகைய வண்டலில்தான் எண்ணெய் இருக்கும். ஆகவே மேற்கொண்டு ஆராயப் பொருளுதவி வேண்டி ஓர் எண்ணெய்க் கம்பெனியை அவர் அணுகினார். நிலத்திலேயே வேண்டிய எண்ணெய் கிடைக்கும்போது கடலில் எதற்காகத் தேட வேண்டும் என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். இன்று உலகின் எண்ணெயில் கணிசமான பகுதி கடலடியிலிருந்து வருகிறது என்பதை எண்ணும்போது, அன்று கைவிரித்தவர்கள்மீது நமக்கு இரக்கம்தான் வருகிறது.

கரையோரக் கடலோடு யூயிங் நிற்கவில்லை. ஆழ்கடலின் அடியில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பினார். பூமியின் மேற்பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். கருவிகள் எல்லாம் எஞ்சிய மூன்று பங்கு நிலத்திலேயே இருந்தன. ஒரு வீட்டில் பத்து அறையிருக்க, மூன்று அறையில் மட்டும் விளக்கேற்றிவிட்டு, வீடு முழுவதையும் பார்த்துவிட்டோம் என்று சொல்வது போன்றது அன்றைய பூகோள அறிவு.

ஆனால் ஆழ்கடலில் கருவி வைப்பது எளிதன்று. இரண்டரை மைல் ஆழத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் இரண்டரை டன் பாரம் அழுத்துகிறது. சாதாரணப் பெட்டி தகரக் குவளைபோல் நசுங்கிவிடும். கயிற்றில் கட்டி இறக்கினால், மேலே கப்பல் ஆடும் ஆட்டம் கயிற்றின் வழியே கீழே போய், பூமியின் மெல்லிய அதிர்வை மறைத்துவிடும். கயிறில்லாமல் போட்டுவிட்டாலோ, அதைத் திரும்ப எடுப்பது எப்படி? அங்கே இறங்கி எடுத்துவர ஆளில்லை. ரேடியோ அலையும் தண்ணீருக்குள் அத்தனை தூரம் செல்லாது.

1937 முதல் சில ஆண்டுகள் யூயிங்கும் அவருடைய மாணவர்களான ஆலின் வைன், லமார் வொர்ஸெல் ஆகியோரும் இந்தப் பிரச்சனைகளோடு போராடினர். அவர்கள் கண்ட வழியைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கருவியை மேலே மிதக்கச் செய்ய ரப்பர்ப் பைகளில் பெட்ரோலை நிரப்பிக் கட்டினர். காற்றடைத்த பை ஆழத்தில் சுருங்கிப்போகும். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது, அழுத்தினாலும் அதிகம் சுருங்காது. கீழே அமிழ்த்துவதற்கு ஒரு பாரத்தைக் கட்டினர். உரிய நேரத்தில் அந்தப் பாரம் கழன்று விழ வேண்டுமே? அதற்கு உப்புக்கட்டி ஒன்றைப் பூட்டாக வைத்தனர். கடல்நீரில் உப்பு மெல்ல மெல்லக் கரையும். அது கரைந்து தீர்ந்ததும் பாரம் கழன்று தரையில் கிடக்கும்; கருவி தானாகவே மேலே வந்துவிடும். சமையலறையில் கிடைக்கும் உப்பும், மோட்டார் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலும் ஆழ்கடலின் கதவைத் திறந்தன. இம்முறையிலேயே அவர்கள் ஒரு காமிராவையும் இறக்கி, மனிதக் கண் பார்த்திராத ஆழ்கடல் தரையைப் படம் பிடித்தனர்.

போன கருவிகள் எல்லாம் திரும்பவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் செய்த கருவி நீருக்குள் இறங்கும், குறித்த நேரம் கடந்துபோகும், கப்பல் மேல்தளத்தில் எல்லோரும் அலைகளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒன்றும் வராது. மறுநாள் அடுத்த கருவியைச் செய்யத் தொடங்குவார்கள். மாதக்கணக்கான உழைப்பை ஒரு நாளில் கடலுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் வேலையில் இறங்குவது எப்படிப்பட்டது என்பதை நம் மீனவக் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. யூயிங் உட்ஸ் ஹோலில் அமெரிக்கக் கடற்படைக்காக உழைத்தார். கடலில் குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் எழும் சத்தம், மேலும் சிதறாமல், கீழும் சிதறாமல், குழாய்க்குள் ஓடுவதுபோல் நெடுந்தூரம் செல்கிறது என்று அவர் கணக்கிட்டார். 1944-ல் சோதித்துப் பார்த்தபோது, சிறு வெடியின் ஓசை பல நூறு மைலுக்கு அப்பாலும் கேட்டது. கடலில் விழுந்து தத்தளிக்கும் விமானிகளைக் கண்டுபிடிக்க அது உதவும் என்று எதிர்பார்த்தனர்.

யுத்தம் முடிந்தபின், 1946-ல், அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். ஹட்சன் நதிக்கரையில் தாமஸ் லமான்ட் என்னும் செல்வருடைய மாளிகை இருந்தது. அவர் இறந்தபின் அவருடைய மனைவியார் அதைச் சர்வகலாசாலைக்கு நன்கொடையாக அளித்தார். 1949-ல் அங்கே லமான்ட் புவியியல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. யூயிங் அதன் முதல் தலைவர். மாளிகையின் சமையலறை ரசாயனக் கூடமாயிற்று. மாணவர்கள் அவரை டாக் என்று அழைத்தனர். நள்ளிரவு கடந்தும் அவர் அறையில் விளக்கெரியும். ஞாயிறென்றும் பண்டிகையென்றும் பாராமல் உழைத்தார். மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்தார். அந்த உழைப்புக்கு அவருடைய இல்லமும் விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அக்காலத்தில் இரண்டு கப்பல்களைக் கொண்டு, ஒன்றிலிருந்து வெடி போட்டு மற்றொன்றிலிருந்து கேட்டு, ஆழ்கடலின் அடியை அவர் அளந்தார். கண்டங்களுக்குக் கீழே பூமியின் மேலோடு ஏறத்தாழ 20 மைல் கனம். கடலுக்குக் கீழேயும் அவ்வாறே இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தனர். அளந்து பார்த்தபோது நாலு மைல்தான் இருந்தது. பாறையின் வகையும் வேறு. ஆகவே கடலடி என்பது தண்ணீரில் மூழ்கிய கண்டமன்று, அது தனிப்பட்ட ஒன்று என்று உறுதியாயிற்று.

இந்த வேலைக்குக் கப்பலின் அருகே தண்ணீரில் தொங்கவிடும் ஒலிவாங்கிகளே போதுமாயிருந்தன. எனவே கடலடிப் பூகம்பமானிகள் சில காலம் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆனால் இயற்கையான பூகம்பங்களை ஆராய அந்த ஒலிவாங்கிகள் போதா. பூகம்பத்தில் இருவகை அதிர்வுகள் எழுகின்றன. ஒன்று முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளிக்கொண்டு போவது. அது தண்ணீருக்குள்ளும் செல்லும். மற்றது கயிற்றை உதறினால் நெளிவதுபோல் பக்கவாட்டில் அசைந்து போவது. அது கெட்டிப் பொருளில் மட்டுமே செல்லும், தண்ணீருக்குள் நுழையாது. தண்ணீரில் தொங்கும் கருவி எத்தனை நல்லதாக இருந்தாலும் இரண்டாவது அதிர்வை நேராக உணர முடியாது. அதை அறிய வேண்டுமானால் கருவி தரையில் அமர்ந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

1953-ல் லமான்ட் நிலையத்துக்கு வீமா என்ற மூன்று பாய்மரக் கப்பல் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு யூயிங் உலகின் கடல்களையெல்லாம் சுற்றிவரச் செய்தார். எங்கே சென்றாலும் நாள்தோறும் கப்பலை நிறுத்திக் கடலடி மண்ணில் நீண்ட குழாயை இறக்கி மாதிரி எடுக்க வேண்டுமென்பது அவர் இட்ட விதி. அது எதற்கு உதவும் என்று அப்போதே தெரிய வேண்டியதில்லை. இன்று எடுத்து வைத்தால் நாளை ஒருவனுக்குப் பயன்படும் என்று கருதினார். வீமா 1981-ல் ஓய்வு பெறும் வரை 10 லட்சம் மைலுக்கு மேல் ஓடியது.

அந்தக் கப்பலில்தான் அவருக்குப் பெரிய சோதனையும் நேர்ந்தது. 1954-ம் ஆண்டு ஜனவரி மாதம், அட்லாண்டிக் கடலில் கடும் புயல். மேல்தளத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் கட்டறுந்து உருண்டன. அவற்றைக் கட்டுவதற்காக யூயிங்கும், அவருடைய தம்பி ஜானும், கப்பலின் அதிகாரிகள் இருவரும் சென்றனர். பேரலை ஒன்று எழும்பி நால்வரையும் கடலுக்குள் வாரிக்கொண்டு போயிற்று. தலைவன் கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்தான். மூவரைத் தூக்கிக் கரையேற்ற முடிந்தது. நான்காமவரான முதல் அதிகாரி திரும்பவே இல்லை. யூயிங் பிழைத்தார், ஆனால் உடலின் ஒரு பக்கம் வலுவிழந்து, அதற்குப்பின் வாழ்நாள் முழுவதும் சற்று நொண்டியே நடந்தார். அந்தக் காலோடு மீண்டும் கப்பலேறினார்.

இதே ஆண்டுகளில் அவரும் மாணவர் ஃபிராங்க் பிரஸ்ஸும் மிக மெதுவான அதிர்வுகளையும் உணரும் பூகம்பமானி ஒன்றை அமைத்தனர். 1957-58 சர்வதேசப் பூபௌதிக ஆண்டில் அது பல நாடுகளில் வைக்கப்பட்டது. லமான்ட் நிலையத்தில் மேரி தார்ப் என்ற பெண்மணி, கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் கடலடியின் படத்தை வரைந்துகொண்டிருந்தார். பெண்களைக் கப்பலில் ஏற்றாத காலம் அது. கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு நீண்ட பள்ளம் இருப்பதை 1952-ல் அவர் கவனித்தார். உடன் உழைத்த புரூஸ் ஹீஸன் முதலில் அதை நம்பவில்லை. கடலில் நேர்ந்த பூகம்பங்களின் இடங்களை மற்றொரு படத்தில் குறித்து ஒப்பிட்டபோது, அவை அந்தப் பள்ளத்தின் மீதே வரிசையாக விழுந்தன. 1956-ல் யூயிங்கும் ஹீஸனும், இந்தப் பிளவு நம்முடைய இந்துமகா சமுத்திரம் உட்பட எல்லாக் கடல்களின் ஊடாகவும் ஏறத்தாழ 40,000 மைல் ஓடுகிறது என்று வெளியிட்டனர்.

கடலடியில் இத்தனை பூகம்பங்கள் நேருமானால், கருவியும் அங்கேயே நிலையாக இருக்க வேண்டும். 1961-ல் யூயிங் சகோதரர்கள், கடலடியில் அமர்ந்து தான் கேட்டதை மேலே அனுப்பும் பூகம்பமானி ஒன்றைப் பற்றி எழுதினர். 1966-ல் லமான்ட் குழுவினர், கலிபோர்னியா கரையிலிருந்து 100 மைலுக்கு மேல் தள்ளி, ஏறத்தாழ இரண்டரை மைல் ஆழத்தில் ஒரு பூகம்பமானியை வைத்து, அங்கிருந்து கரைக்குக் கம்பிவடம் இழுத்தனர். கரையில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடி ஆழ்கடல் தரையின் அசைவைப் பார்க்க முடிந்தது. அது 1972 வரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

இப்போது அவர் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியரான வேகனர் 1912-லேயே கூறியிருந்தார். யூயிங் அதை நம்பவில்லை. கடல்கள் ஆதிமுதல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவற்றின் தரை பூமியைப் போலவே பழமையானது என்பது அவர் கொள்கை. அப்படியானால் கோடானுகோடி ஆண்டுகளாகப் படிந்த வண்டல் அங்கே மலைபோல் குவிந்திருக்க வேண்டும். அவர் கருவிகள் வேறு விதமாகச் சொல்லின. வண்டல் மெல்லியதாகவே இருந்தது; நடுமலைத் தொடரின்மீது அநேகமாக இல்லவே இல்லை. குழாயில் எடுத்த மண் மாதிரிகளிலும் எதிர்பார்த்த பழமை காணப்படவில்லை. 1966-ல் அவருடைய நிலையத்திலேயே வால்ட்டர் பிட்மன் என்ற மாணவர், கடலடிப் பாறையின் காந்த அளவுகளை விரித்துப் பார்த்தார். நடுமலையின் இருபுறமும் அவை கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. நடுப்பிளவில் புதுத்தரை பிறந்து இருபுறமும் விலகிக்கொண்டே போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

நிலையத்தின் தலைவர் அவர். கப்பல் அவருடையது, பணம் அவர் தேடிக் கொணர்ந்தது, அளவுகள் அவர் இட்ட விதியால் சேர்ந்தவை. தமக்கு ஒவ்வாத முடிவை வெளிவராமல் தடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால், வழி இல்லாமலா போயிருக்கும்? அவர் தடுக்கவில்லை. இளைஞர்கள் எழுதினார்கள், வெளியிட்டார்கள். அவரும் தயங்கித் தயங்கி, அளவுகள் இழுத்த பக்கம் வந்து சேர்ந்தார். 1967-ல் தம்பி ஜானுடன் சேர்ந்து, கடல்தரை விரிவதை அடிப்படையாகக் கொண்டு வண்டல் படிந்திருக்கும் விதத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் பிடித்திருந்த கொள்கையை, தாமே சேர்த்த சான்றுகளின் முன் கைவிடுவது சிறிய காரியமன்று. ஒரு வரப்புத் தகராறில் நாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எத்தனை ஆண்டுகள் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

சந்திரனைப் பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? 1969-ம் ஆண்டு ஜூலை மாதம் அப்பல்லோ 11 விண்கலத்தில் சென்றவர்கள் சந்திரனின் தரையில் ஒரு பூகம்பமானியை வைத்துவிட்டு வந்தனர். அதைத் திட்டமிட்ட விஞ்ஞானிகள் குழுவில் யூயிங்கும் ஒருவர். லமான்ட் நிலையத்தாரே அதில் முன்னின்றனர். ஆளில்லாத இடத்தில், பழுது பார்க்க எவருமின்றி, தானே நிமிர்ந்து நின்று, தானே கேட்டுச் செய்தி அனுப்ப வேண்டிய கருவியைச் செய்ய, கடலடியில் பழகிய கைகளைவிடத் தகுந்தவை எவை? அவ்வாண்டு நவம்பரில், அப்பல்லோ 12 விண்கலத்தின் ஒரு பகுதியைச் சந்திரன்மீது வேண்டுமென்றே மோதவிட்டபோது, அந்த அதிர்வு ஒரு மணி நேரம் அளவுக்கு ஓயாமல் நீடித்தது. நம் கோயில் மணியை ஒருமுறை அடித்தால் பூசை முடியும் வரை அது ஒலித்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். பின்னால் வைத்த கருவிகள் 1977 வரை வேலை செய்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏழை ஆசிரியர் நெஞ்சில் எழுந்த எண்ணம் சொல்லுக்குச் சொல் நிறைவேறியது.

1972-ல் சர்வகலாசாலையுடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால், தாம் பிறப்பித்து வளர்த்த லமான்ட் நிலையத்தை விட்டு அவர் நீங்கினார். சொந்த மாநிலமான டெக்ஸஸுக்குத் திரும்பி, கால்வெஸ்டன் நகரில் புதிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை ஆரம்பித்தார். அங்கே 1974-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, அறுபத்தெட்டு வயது நிரம்ப எட்டு நாள் இருக்கும்போது, மூளையில் இரத்தம் கசிந்து காலமானார்.

இன்று கடலில் இறக்கும் பூகம்பமானிகளில் பெட்ரோல் பைக்குப் பதிலாகக் கனத்த கண்ணாடிக் கோளங்கள் உள்ளன. உப்புக்கட்டிக்குப் பதிலாக, கப்பலிலிருந்து ஒலியால் ஆணையிட்டதும் கடல்நீரில் மின்சாரத்தால் அரித்துப்போகும் கம்பி உண்டு. பாரத்தைக் கீழே விட்டுவிட்டுக் கருவி மேலே வருவது மட்டும் மாறவில்லை. 2011-ம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் ஜப்பானியர் தங்கள் கிழக்குக் கடலில் 150 கடலடி நிலையங்களை 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கம்பிவடத்தால் இணைத்து வைத்திருக்கின்றனர்.

அந்தச் சிறுவனின் கேள்விக்குத் திரும்புவோம். 2004-ம் ஆண்டு அந்த ஞாயிறன்று, சுமத்திராவின் பூகம்பத்தை உலகெங்குமுள்ள பூகம்பமானிகள் சில நிமிடங்களிலேயே அறிந்தன. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. கேட்பதற்குக் காது இருந்தது; கேட்டதை நம் கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல வாய்தான் இல்லை. அதன் பிறகே, 2007-ம் ஆண்டு அக்டோபரில், ஐதராபாத் நகரில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் அமைந்தது. நிலத்திலுள்ள பூகம்பமானிகளும், கடலடியில் நீரின் பாரத்தை அளக்கும் கருவிகளும் அதற்குச் செய்தி அளிக்கின்றன.

ஆகவே, பெற்றோர்களே, எச்சரிக்கை வந்தால் அது பொய்யாய்ப் போகும் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முன்பொருமுறை ஒன்றும் நடக்கவில்லை என்பது அடுத்த முறைக்குச் சாட்சியமாகாது. அந்தச் செய்திக்குப் பின்னால் உப்புக்கட்டி கரைவதற்காகக் கப்பல் மேல்தளத்தில் காத்து நின்றவர்களின் உழைப்பும், கடலோடு போய்த் திரும்பாத ஒருவரின் உயிரும் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் விடை தெரியாத கேள்வியோடு வந்தால் அவர்களை நாலு வார்த்தையில் அனுப்பிவிடாதீர்கள். நான் செய்த பிழை அது. அந்தச் சிறுவனுக்கு இந்த இதழை வீட்டில் வாசித்துக் காட்டும்படி அவனுடைய பாட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.